அயல் நாணயம் வேண்டுமா?

சில நாட்களுக்கு முன் மரக்காணம் உப்பளப் பக்கம் நாம் போயிருந்தபோது, ஒரு டீக்கடையில் இரண்டு தோழர்களுக்குள் நடந்த தர்க்கத்தைக் கேட்கும்படி நேர்ந்தது. ஒருவர் குவைத்தில் பல வருஷம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். மற்றவர் வயதில் மூத்தவர். பாத்தியில் உப்பு வாரியே குடும்பத்தைக் காப்பாற்றி வருகின்றவர்.

இளையவர் சொன்னார்: "அண்ணே, நான் போன வருஷம் ஒரு தினாருக்குக் கிடைத்த ரூபாய் வேறு, திரும்பி வரும்போது கிடைத்த ரூபாய் வேறு. தினார் கொழுக்கவில்லை, நம்ம ரூபாய்தான் இளைத்துப் போச்சு. பேசாமல் டாலரையே நம்ம பணமாக வைத்துக்கொண்டால் தொல்லை விட்டது."

மூத்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்டா தம்பி, அடுத்தவன் காசைக் கையில் வைத்துக்கொண்டு பிழைப்பதைவிட மானக்கேடு வேறு உண்டா? ரூபாய் நம்ம நாட்டு மரியாதை" என்றார்.

பிறகு இருவரும் நம் பக்கம் திரும்பி, "உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார்கள். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய சங்கதியாக அது இல்லாததனால் இவ்வாரம் தலையங்கமாகவே எழுதுகின்றோம். இது பணக்காரர்கள் பேசவேண்டிய விஷயம், படித்தவர்கள் தீர்மானிக்கவேண்டிய விஷயம் என்று பாமர மக்கள் ஒதுங்கி நிற்பது சரியல்ல. பணக்காரன் நிலமாகவும் பொன்னாகவும் கட்டிடமாகவும் வைத்துக்கொள்ளுகின்றான். வெறும் நோட்டாகவே கூலி வாங்கி, நோட்டாகவே செலவழிக்கின்றவன் தொழிலாளிதான். ஆகவே நாணயம் கெட்டால் முதலில் கெடுகின்றவனும் அவனேயாவான்.

நாணயத்தில் தெய்வீகம் இல்லை

முதலில் ஒரு மூடநம்பிக்கையைத் துடைத்துவிட்டு மேலே போவோம். நாணயம் என்பது மனிதன் தன் சௌகரியத்துக்காகச் செய்துகொண்ட ஒரு கருவி. படியும் மரக்காலும் தராசும் எப்படியோ அப்படியேதான் நாணயமும். அதற்குக் குங்குமம் வைப்பதனாலோ, அதில் சாமி படம் போடுவதனாலோ அதன் மதிப்பு ஒரு காசு கூட ஏறாது.

இதைச் சொல்லவேண்டிய அவசியம் இக்காலத்திலும் இருக்கின்றது. 2022 அக்டோபரில் அப்போது டில்லி முதல்வராக இருந்த திரு. அரவிந்த் கெஜ்ரிவால், நாட்டின் பொருளாதாரம் சீர்பட நோட்டுகளில் லட்சுமி, விநாயகர் படங்களைப் போடவேண்டும் என்று கேட்டார். இந்தோனேசியா நாட்டு நோட்டில் விநாயகர் இருக்கின்றாரே என்று உதாரணமும் காட்டினார். உதாரணத்தை அவர் முழுவதும் படித்துப் பார்த்தாரா என்பது நமக்குச் சந்தேகமே. அந்த விநாயகர் படம் போட்ட 20,000 ரூபியா நோட்டு வெளியானது 1998-இல். 1997 நடுவில் ஒரு டாலருக்குச் சுமார் 2,400 ரூபியாவாக இருந்த அந்நாட்டு நாணயம், 1998 நடுவில் 15,000-க்கும் கீழே விழுந்து, ஜனங்கள் அரிசிக்குத் திண்டாடி, ஆட்சியே கவிழ்ந்தது. விநாயகர் நோட்டில் உட்கார்ந்திருந்த வருஷம் அதுதான்!

நம் பக்கத்துக் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. சென்னை ராஜதானியில் பெரிய நாணயமாக வழங்கியது வராகன். பெயரே அவதாரத்தின் பெயர். கும்பெனியார் அடித்த நட்சத்திர வராகனில் விஷ்ணுவின் உருவமே இருந்தது. 42 பணம் ஒரு வராகன், 80 காசு ஒரு பணம் என்று கணக்கு. 1818-இல் கும்பெனியார் ஓர் உத்தரவு போட்டு, இனி வெள்ளி ரூபாயே நாணயம், 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று முடித்துவிட்டார்கள். விஷ்ணு ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை.

டாலருக்கும் இதே கதைதான். கடவுளை நம்புகின்றோம் என்ற வாசகத்தை அமெரிக்கர்கள் 1957 முதல் காகித நோட்டிலும் அச்சடிக்கின்றார்கள். அதே நாட்டில் 2008-இல் பெரிய பெரிய வங்கிகள் சாய்ந்தபோது அவற்றைத் தாங்கிப் பிடித்தது சர்க்கார் பணமேயன்றிக் கடவுள் அல்ல. ஆகவே ரூபாயைத் தெய்வமாக்குவதும் வேண்டாம். டாலரைத் தெய்வமாக்குவதும் வேண்டாம். லாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு, அது யாருக்கு என்று கணக்குப் பார்ப்பதே பகுத்தறிவு.

இக்கடற்கரைக்கு அயல்காசு புதிதல்ல

அடுத்தவன் காசைத் தொடுவதே மானக்கேடு என்ற மூத்த தோழருக்கு ஒரு வார்த்தை. சங்க இலக்கியத்தில் வரும் எயில்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகின்றார்கள். தெற்கே புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை 1945-இல் தோண்டிப் பார்த்தபோது ரோமாபுரியோடு நடந்த வியாபாரத்தின் சின்னங்கள் கிடைத்தன. ரோமருடைய பொன்னும் வெள்ளியும் தமிழ்நாட்டில் குடம் குடமாக அகப்பட்டிருக்கின்றன. இந்தியா ஆண்டுதோறும் தங்கள் நாட்டுச் செல்வத்தில் 5 கோடி செஸ்டர்ஸுக்குக் குறையாமல் இழுத்துக்கொள்ளுகின்றதே என்று பிளினி என்ற ரோம ஆசிரியர் அக்காலத்திலேயே புலம்பியிருக்கின்றார்.

அக்காசுகளை நம் முன்னோர் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. 1898-இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த ரோமானியப் பொற்காசுக் குவியலில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு இருந்தது. வெட்டியவர்களின் உத்தேசம் எதுவானாலும், ராஜா முகத்துக்கு அவர்கள் கட்டுப்படவில்லை என்பது தெரிகின்றது. அவர்களுக்கு வேண்டியது பொன்னின் எடை. முகம் யாருடையதானால் என்ன, எடை சரியாக இருந்தால் போதும். இதில் மானக்கேடு எங்கே இருக்கின்றது?

ஆனால் அன்று பொற்காசின் மதிப்பு அதன் உடம்பிலேயே இருந்தது. இன்றைய நோட்டின் மதிப்பு அதன் உடம்பில் இல்லை. அதை அச்சடிக்கின்றவனுடைய நடத்தையில் இருக்கின்றது. ஆகவே இன்று அயல் நாணயத்தை ஏற்பது என்றால் அயலானுடைய நடத்தைக்கு நம் கூலியைக் கட்டிவைப்பது என்று அர்த்தம். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

புதுச்சேரி கற்பித்த பாடம்

அயல் நாணயத்தில் வாழ்ந்த ஜனங்களைப் பார்க்க நாம் அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. மரக்காணத்திலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் போதும்.

பிரெஞ்சுக்காரர் 1736-இல் புதுச்சேரியில் நாணயச் சாலை வைத்து ரூபாய் அடித்தார்கள். பணம், துட்டு என்று சில்லறையும் அடித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அந்த வேலை நின்று, இங்கிலீஷ்காரருடைய ரூபாயே அங்கும் நாணயமாயிற்று. 1877-இல் அங்கே கிளை வைத்த இந்தோசீனா வங்கி பிரெஞ்சு எழுத்தில் ரூபாய் நோட்டு வெளியிட்டது. பெயர் பிரெஞ்சு நோட்டு. மதிப்போ இங்கிலீஷ் ரூபாயின் மதிப்பு. கொடி ஒருவனுடையது, நாணயம் இன்னொருவனுடையது என்ற நிலைமை 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்கு வரும் வரையில் இருந்தது.

இதனால் ஜனங்களுக்கு நன்மை இல்லையா என்றால், இருந்தது. புதுச்சேரி என்பது ஒரே நிலப்பரப்பல்ல. இங்கே நான்கு கிராமம், அங்கே ஐந்து கிராமம் என்று தென்னாற்காடு ஜில்லாவுக்குள் சிதறிக்கிடந்த துண்டுகள். காலையில் இந்தப் பக்கம் நாற்று நட்டவன் மாலையில் அந்தப் பக்கம் துணி வாங்குவான். இரண்டு பக்கமும் வேறு வேறு நாணயமாக இருந்திருந்தால் ஒவ்வொரு வரப்பிலும் ஒரு வட்டக்காரன் உட்கார்ந்து, மாற்றித்தரும் கூலி என்று ஏழையின் மடியிலிருந்து பிடுங்கியிருப்பான். ஒரே நாணயம் இருந்ததனால் அத்தொல்லை இல்லை. அயல் நாணயத்தின் முதல் நன்மை இதுவேயாகும்: யாருடன் வியாபாரம் அதிகமோ அவனுடைய நாணயத்தையே வைத்துக்கொண்டால் மாற்றுக்கூலியும் மிச்சம், நாளைக்கு விலை என்ன ஆகுமோ என்ற பயமும் மிச்சம்.

இனி நஷ்டத்தைப் பாருங்கள். 1893 வரையில் யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய் இந்திய நாணயச் சாலையில் கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளலாம். அந்த வருஷம் சர்க்கார் அக்கதவை மூடிவிட்டது. ரூபாயின் மதிப்பைத் தூக்கிப் பிடித்து, லண்டனுக்குக் கட்டவேண்டிய பாக்கியைச் சுலபமாகக் கட்டுவதே நோக்கம். விளைவு என்னவாயிற்று? ரூபாய் ஏறியது, ஆனால் ஏழைப் பெண்ணின் காலில் கிடந்த வெள்ளிக் கொலுசும் தண்டையும் ரூபாய்க் கணக்கில் இறங்கிப்போயின. கஷ்டகாலத்துக்கென்று அவள் போட்டு வைத்திருந்த சேமிப்பே அதுதான். பிறகு 1927-இல் ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று சட்டம் செய்தார்கள். ஏற்றுமதிக்கு விளைவிக்கின்ற விவசாயிக்கு இதனால் விலை குறையும் என்று பெரிய கிளர்ச்சி நடந்தது, கேட்பாரில்லை. இந்த இரண்டு தீர்மானத்திலும் புதுச்சேரிக் கவர்னருக்கு வாயில்லை. பாரிசில் உள்ள மந்திரிக்கும் வாயில்லை. ஆனால் பாகூர்க்காரன் மடியில் இருந்த ரூபாய்க்கு அவை அத்தனையும் பொருந்தின.

"பார்த்தீர்களா, அயலான் நாணயத்தின் கேடு!" என்று மூத்த தோழர் சொல்லக்கூடும். அவசரப்பட வேண்டாம். அந்த ரூபாய் புதுச்சேரிக்குத்தான் அயல் ரூபாய். மரக்காணத்துக்கு அது சொந்த ரூபாய் அல்லவா? மரக்காணத்தானை யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. சொந்த நாணயம் வைத்திருந்தவனுக்கும், இரவல் நாணயம் வைத்திருந்தவனுக்கும் கிடைத்த மரியாதை ஒன்றேதான்.

உப்பிலும் இப்படியே நடந்தது. 1818-இல் இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் ஒரு உடன்படிக்கை செய்து, பிரெஞ்சு எல்லையில் உப்பு விளைவிப்பதை நிறுத்தி, அதற்கு ஈடாக வருஷத்துக்கு 4,000 வராகன் உப்பளச் சொந்தக்காரர்களுக்கு என்று தீர்த்துக்கொண்டார்கள். பாத்தியில் நின்று வாரியவனுக்கு என்ன ஈடு? அவன் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. நாணயமானாலும் உப்பானாலும், மேலே இரண்டு எஜமானர்கள் பேசி முடிப்பதும், கீழே உள்ளவன் அனுபவிப்பதும் ஒரே முறைதான்.

நம் ரூபாயை நம்பியவர்கள் கதை

நம் ரூபாயும் ஒரு காலத்தில் பலருக்கு அயல் நாணயமாக இருந்தது. சிங்கப்பூர், பினாங்கில் 1867 வரையில் இந்திய ரூபாய் சட்ட நாணயம். கிழக்கு ஆப்பிரிக்காவில் 1920 வாக்கில்தான் ரூபாயைத் தள்ளிவிட்டு ஷில்லிங்குக்குப் போனார்கள். வளைகுடா நாடுகளிலோ நமக்குச் சுதந்திரம் வந்த பின்னும் ரூபாயே செலாவணியாக இருந்தது. அங்கிருந்து தங்கம் திருட்டுத்தனமாக வருவதும், ரூபாய் அங்கே போய்க் குவிவதுமாக இருந்ததனால் 1959-இல் அவர்களுக்கென்று தனி நிறத்தில் நோட்டு அடித்துக் கொடுத்தார்கள். குவைத் 1961-இல் தன் தினாரை ஏற்படுத்திக்கொண்டு விலகிற்று. பஹ்ரைன் 1965-இல் விலகிற்று.

விலகாமல் இருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது? 1966 ஜூன் 6-ஆம் தேதி இந்திய சர்க்கார் ரூபாயின் மதிப்பை வெட்டியது. ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ரூபாய் ஆயிற்று. டில்லியில் எடுத்த தீர்மானத்தால் கத்தாரிலும் துபாயிலும் கடைக்காரன் பெட்டியில் இருந்த பணம் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்தது. அந்தக் கடைக்காரன் டில்லிக்கு ஓட்டுப் போட்டவனும் அல்ல, டில்லியின் சண்டைச் செலவுக்கும் பஞ்சத்துக்கும் பொறுப்பாளியும் அல்ல. அதன் பிறகுதான் அவர்களும் ரூபாயைக் கைவிட்டுத் தங்களுக்கென்று நாணயம் செய்துகொண்டார்கள். நம் குவைத் தோழர் மெச்சிப் பேசுகின்ற தினார் எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொள்ளட்டும்: அயல் நாணயம் வேண்டாம் என்று சொல்லிப் பிறந்ததே அது!

அண்மைக் காலத்திலும் இது நடந்தது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். நேபாளத்து ஜனங்கள் பலர் இந்தியாவில் கூலி வேலை செய்து சேர்த்த பணத்தை அந்த நோட்டுகளாக வைத்திருந்தார்கள். இங்கே நாம் வங்கி வாசலில் வெயிலில் நின்றாவது மாற்றிக்கொண்டோம். அவர்களுக்கு நிற்க வாசலே இல்லை. நேபாள வங்கிகளில் கிடந்த பழைய நோட்டுகள் மாற்றப்படாமலே தங்கிவிட்டன.

பலவந்தமாக ஏற்றப்பட்ட அயல் நாணயத்தின் கொடுமையை நம்மவர்களே அனுபவித்திருக்கின்றார்கள். 1942 முதல் 1945 வரை மலேயாவை ஜப்பானியர் ஆண்டபோது தங்கள் இஷ்டத்துக்கு நோட்டு அடித்தார்கள். வாழைமரப் படம் போட்டதனால் ஜனங்கள் அதை வாழைமர நோட்டு என்றார்கள். தோட்டத் தமிழர்கள் அதற்காக உழைத்தார்கள். சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கும் கூலி அந்தக் காகிதம்தான். 1945 செப்டம்பரில் இங்கிலீஷ்காரர் திரும்பி வந்ததும் அது செல்லாது என்று அறிவித்தார்கள். செத்துப் பிழைத்து வந்தவன் கையில் இருந்தது வெறும் வாழைமரப் படம்!

மற்றொரு பக்கமும் உண்டு

இதுவரை சொன்னதைக் கொண்டு, அயல் நாணயம் என்றால் எக்காலத்திலும் கேடு என்று நாம் சொல்ல வந்ததாக யாரும் நினைக்கவேண்டாம். சொந்த சர்க்காரே கொள்ளைக்காரனாக ஆனால் ஜனங்கள் என்ன செய்வார்கள்?

ஜிம்பாப்வே நாட்டில் சர்க்கார் தன் செலவுக்கு நோட்டு அடித்துக்கொண்டே போய், 100 லட்சம் கோடி டாலர் என்று அச்சிட்ட நோட்டு வரையில் வந்துவிட்டது. ஆசிரியர் வேலை செய்து ஓய்வு பெற்றவனின் ஆயுள் சேமிப்பு ஒரு ரொட்டிக்குக் காணவில்லை. 2009-இல் ஜனங்கள் அமெரிக்க டாலரையும் தென்னாப்பிரிக்க ராண்டையும் கையில் எடுத்தபிறகுதான் விலைவாசி நின்றது. எக்குவடார் நாட்டில் 1999-இல் வங்கிக் கணக்குகளையே முடக்கிவைத்தார்கள். நாணயம் ஒரு டாலருக்கு 25,000 சுக்ரே என்ற நிலைக்குப் போயிற்று. 2000-இல் அதை ஒழித்துவிட்டு டாலரை ஏற்றார்கள். பனாமா 1904 முதலே டாலரில் வாழுகின்றது. எல் சால்வடார் 2001-இல் ஏற்றது. அடுத்த வீட்டு இலங்கையில் 2022 மார்ச்சில் ஒரு டாலருக்குச் சுமார் 200 ரூபாயாக இருந்தது சில வாரங்களில் 350-ஐத் தாண்டியது. மலையகத் தமிழ்ப் பெண் பறித்த கொழுந்தின் எடை குறையவில்லை. அவள் கூலியின் எடை குறைந்துவிட்டது.

ஆகவே அயல் நாணயத்தின் இரண்டாவது நன்மை, அது உள்ளூர் சர்க்காரின் கையைக் கட்டிப்போடுகின்றது என்பது. நோட்டு அச்சடிக்கும் யந்திரம் திருடன் கையில் இருந்தால், யந்திரத்தை அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுவது புத்திசாலித்தனமே.

ஆனால் கட்டிய கை திருடவும் முடியாது, தூக்கிவிடவும் முடியாது. மூன்று நஷ்டங்களை நாம் முக்கியமாகக் காண்கின்றோம்.

முதலாவது, அச்சு லாபம். 500 ரூபாய் நோட்டு அடிக்க ஆகும் செலவு சில ரூபாய். மீதி மதிப்பின் பலன் அதை வெளியிடும் நாட்டுக்குச் சேருகின்றது. டாலரை நாணயமாக வைத்துக்கொண்டால், புழக்கத்துக்கு வேண்டிய ஒவ்வொரு டாலருக்கும் நாம் மீனோ துணியோ உழைப்போ அனுப்பியே வாங்கவேண்டும். அவனுக்குக் காகிதச் செலவு. நமக்கு வியர்வைச் செலவு. தென்னாப்பிரிக்காவோடு நாணய ஒப்பந்தம் செய்துகொண்ட லெசோத்தோ, நமீபியா போன்ற நாடுகள் இந்த லாபத்தில் ஒரு பங்கைக் கேட்டு வாங்குகின்றன. கேட்காமல் ஏற்றவனுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. புதுச்சேரியில் அந்த நோட்டு லாபம் ஜனங்களுக்கு வரவில்லை. நோட்டு அடித்த தனியார் வங்கிக்கே போயிற்று.

இரண்டாவது, வங்கி தடுமாறினால் தூக்கி நிறுத்த ஆளில்லை. ஒரு புரளி கிளம்பி எல்லாரும் ஒரே நாளில் பணத்தைக் கேட்டால், சொந்த நாணயம் உள்ள நாட்டின் மத்திய வங்கி நோட்டு அடித்துக் கொடுத்துப் பீதியை அடக்கலாம். டாலரை ஏற்ற நாடு எங்கே அடிக்கும்?

மூன்றாவதுதான் மிகப் பெரிது. இதை மரக்காணத்துத் தோழர்கள் மற்றவர்களைவிடச் சுலபமாகத் தெரிந்துகொள்ளலாம். இந்தியாவில் விளையும் உப்பில் முக்கால் பங்குக்கு மேல் குஜராத்தில் விளைகின்றது. அங்கே மழை குறைவு, வேலை நாள் அதிகம், விளைச்சலும் மலிவு. இங்கேயோ ஐப்பசி பிறந்தால் பாத்தி குளமாகிவிடும். குஜராத் உப்பு சென்னைச் சந்தையில் மலிவாக வந்து இறங்கினால் மரக்காணத்து அம்பாரம் விலைபோகாமல் கிடக்கும். மரக்காணத்துக்கென்று தனி நாணயம் ஒன்று இருந்தால், அதன் மதிப்பு இறங்கி, அதனால் நம் உப்பு வெளியூரானுக்கு மலிவாகி, ஓரளவு விற்றுப்போகும். இருவருக்கும் ஒரே ரூபாய் என்பதனால் அந்த வழி அடைபட்டிருக்கின்றது. ஆகவே கூலி குறையவேண்டும்; அல்லது பாத்தியைப் போட்டுவிட்டு ஆள் சென்னைக்கோ திருப்பூருக்கோ ரயிலேறவேண்டும்.

அப்படியானால் மரக்காணத்துக்குத் தனி நாணயம் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஏனென்றால் ஒரே நாணயத்தோடு கூடவே வேறு இரண்டு வசதிகள் நமக்கு இருக்கின்றன. ஒன்று, வேலை உள்ள இடத்துக்கு யாரையும் கேட்காமல் போகலாம். மற்றொன்று, பொதுக் கஜானா. மழை மாதங்களில் வேலையற்றிருக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் வந்தது இப்படிப்பட்ட கஜானாவிலிருந்துதான். அது போதுமா என்பது வேறு கேள்வி; போதாது என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் போதாது என்று கேட்பதற்கு ஒரு வாசல் இருக்கின்றது, கேட்பவன் கையில் ஒரு ஓட்டு இருக்கின்றது.

டாலரை ஏற்றுவிட்டால் நாணயம் மாத்திரம் ஒன்றாகும், வாசல் ஒன்றாகாது. நம் உப்பு விலை விழுந்தால் வாஷிங்டன் கஜானா நமக்கு மழைக்காலப் பணம் அனுப்புமா? அமெரிக்காவுக்குப் போய்க் கூலி வேலை செய்யச் சீட்டுத்தான் கொடுப்பானா? கிரீஸ் தேசத்தின் கதி இதற்கு அத்தாட்சி. அது யூரோ என்ற கூட்டு நாணயத்தில் சேர்ந்தது. வட்டி மலிவாகக் கிடைத்தது. கடன் வாங்கிக் குவித்தார்கள். 2010-இல் கடன்காரன் கதவைத் தட்டியபோது நாணயத்தை இறக்க வழியில்லை. கூட்டாளிகள் கடன் கொடுத்தார்கள், ஆனால் கூலியையும் ஓய்வூதியத்தையும் வெட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். எக்குவடாரிலும் 2014-க்குப் பின் எண்ணெய் விலை விழுந்தபோது பக்கத்து நாடான கொலம்பியா தன் பெசோவை இறங்கவிட்டுச் சமாளித்தது. எக்குவடார் ஜனங்களோ எல்லை தாண்டிப் போய் அங்கே மலிவாகச் சாமான் வாங்க, சொந்த நாட்டுக் கடைக்காரன் ஈ ஓட்டினான்.

நம் முடிவு

ஆகவே டீக்கடையில் கேட்ட இரண்டு தோழர்களுக்கும் நம் பதில் இது.

இளைய தோழரே! ரூபாய் இளைக்கின்றது என்ற உங்கள் ஆத்திரம் நியாயமானது. ஆனால் டாலர் ஒரு மருந்து. அதுவும் சாகக்கிடப்பவனுக்குக் கொடுக்கும் மருந்து. சர்க்கார் அடியோடு கெட்டு, யாரும் அதன் நோட்டை நம்பாத நாட்டுக்கு அது உயிர் கொடுக்கலாம். அயலானுடன் வியாபாரமே பிழைப்பாக உள்ள மிகச் சிறு நாட்டுக்கும் அது பொருந்தலாம். கோடிக்கணக்கான ஜனங்களும் பலவிதத் தொழிலும் உள்ள, மைய சர்க்காரின் கடனில் மிகப் பெரும் பகுதி ரூபாயிலேயே உள்ள ஒரு நாடு அம்மருந்தைச் சாப்பிடவேண்டியதில்லை. சாப்பிட்டால் பிறகு நிறுத்துவதும் சுலபமல்ல.

மூத்த தோழரே! ரூபாய் நம் மரியாதை என்கின்றீர்கள். நோட்டில் இருக்கும் படத்திலும் எழுத்திலும் நம் மரியாதை இல்லை. 1893-இல் கொலுசின் விலை குறைந்தபோதும், 1966-இல் சேமிப்பு வெட்டுப்பட்டபோதும், 2016-இல் வரிசையில் நின்றபோதும் அது சொந்த நாணயமே. சொந்தக் கத்தியானாலும் வெட்டினால் இரத்தம் வரும். நம் மரியாதை வேறிடத்தில் இருக்கின்றது. நாணயத்தின் மதிப்பை ஏற்றவும் இறக்கவும் உட்காருகின்றவர்களை, "எதற்காகச் செய்தாய், யாருக்கு லாபம், எங்கள் கூலி என்ன ஆகும்?" என்று கேட்டுப் பதில் வாங்க முடிகின்றதா என்பதில் இருக்கின்றது. சொந்த நாணயத்தின் ஒரே மேன்மை, கேட்பதற்கு நமக்குப் பாத்தியதை உண்டு என்பதே. அந்தப் பாத்தியதையை உபயோகிக்காமல் கல்லாப்பெட்டிக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருப்போமானால், சொந்த ரூபாய்க்கும் வாழைமர நோட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எனவே உப்பளத் தோழர்கள் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. இந்த வருஷம் ஒரு நாள் கூலிக்கு எத்தனை படி அரிசி வந்தது, ஐந்து வருஷத்துக்கு முன் எத்தனை படி வந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். கூலி ரூபாயில் ஏறி அரிசியில் இறங்கியிருந்தால், உங்களை ஏமாற்றியிருக்கின்றார்கள் என்று அர்த்தம். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு உப்பள முதலாளியிடமும், ஓட்டுக் கேட்டு வருகின்றவனிடமும், விலைவாசிக்குத் தக்கபடி கூலி ஏறவேண்டும் என்று சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். நாணயம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும், கணக்குத் தெரிந்தவனைத்தான் அது ஏமாற்றத் தயங்கும்.